எந்திரத்துக்கு ஆணையிடுபவர் யார்?

எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறும் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு 'ரோபோ' பாடம் எதற்கு என்று தோழர்கள் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வேண்டாம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட நாம் தயாராக இல்லை.

முதலில் அந்தச் சொல்லையே பார்ப்போம். செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920-இல் எழுதிய நாடகத்தில் பிறந்தது 'ரோபோ'. அம்மொழியில் 'ரோபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு. நிலப்பிரபுவுக்குக் கூலியின்றிச் செய்யும் வெட்டி வேலை. உழைப்பாளியின் வரலாறு பெயரிலேயே இருக்கிறது! இன்று கார் தொழிற்சாலைகளில் வெல்டிங் வைப்பதும் பெயிண்ட் அடிப்பதும் எந்திரக் கைகள். அக்கைகளுக்கு ஆணை எழுதுகிறவன் ஒருவன். அவை வந்ததால் வேலை இழப்பவன் மற்றொருவன். நம் பிள்ளை இவ்விருவரில் யார்?

அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட் என்ற கணித அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் 1967-இல் குழந்தைகளுக்கென்றே 'லோகோ' என்னும் கணினி மொழியை உருவாக்கினர். பின்னர் தரையில் ஊர்ந்து கோடு போடும் 'ஆமை' எந்திரம் வந்தது. "100 படி முன்னே போ, வலப்புறம் 90 பாகை திரும்பு" என்று நான்கு முறை சொன்னால் சதுரம் பிறக்கும். ஆணை தவறினால் ஆமை வழி தவறும். குழந்தையே பிழையைத் தேடித் திருத்தும். எந்திரம் குழந்தையை ஆட்டுவிக்கக் கூடாது, குழந்தைதான் எந்திரத்தை ஆட்டுவிக்க வேண்டும் என்பது பேப்பர்ட்டின் கொள்கை. அதுவே நம் கொள்கையும்!

இங்கிலாந்து 2014 முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்கே கணினிக்கு ஆணை எழுதக் கற்றுத் தருகிறது. ஜப்பான் 2020-இல் தொடக்கப் பள்ளிகளில் இதைக் கட்டாயமாக்கியது. இங்கே? 2016-இல் மத்திய அரசு தொடங்கிய அடல் ஆய்வுக்கூடத் திட்டம் பள்ளி ஒன்றுக்கு 20 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் அது ஆறாம் வகுப்புக்கு மேல்தான். அதற்குக் கீழே, பணம் கட்டுகிறவர் பிள்ளைக்குத் தனியார் வகுப்பு இருக்கிறது. கூலிக்காரர் பிள்ளைக்கு என்ன இருக்கிறது?

விலை உயர்ந்த பெட்டிகளை வாங்கி அலமாரியில் பூட்டி வையுங்கள் என்று நாம் கேட்கவில்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள் என்கிறோம். தரையில் சாக்குக்கட்டியால் கட்டம் போட்டு, ஒரு பிள்ளை ஆமையாக நிற்க, மற்றப் பிள்ளைகள் ஆணையிட்டாலே முதல் பாடம் முடிந்தது. எந்திரம் அதற்குப் பிறகு வரட்டும். பாடம் தாய்மொழியில் இருக்கட்டும்; தமிழிலேயே ஆணை எழுத 'எழில்' என்னும் கணினி மொழி ஏற்கெனவே உண்டு. படிப்புக்கும் கணக்குக்கும் உரிய நேரத்தை மட்டும் இது விழுங்கிவிடக் கூடாது.

இது கற்றால் நாளை வேலை நிச்சயம் என்று கூறி யாரையும் ஏமாற்ற மாட்டோம். எந்திரத்தின் பெயரால் ஆட்குறைப்பு வந்தால், அதைத் தடுக்கச் சங்கம்தான் வேண்டும், பாடப்புத்தகம் தடுக்காது. ஆனால் எந்திரம் என்ன செய்யும், என்ன செய்யாது என்று அறிந்த தொழிலாளியை நிர்வாகம் எளிதில் மிரட்ட முடியாது.

எனவே தோழர்களே, உங்கள் ஊர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குச் செல்லுங்கள். "எங்கள் பிள்ளைகளுக்கு இது எப்போது?" என்று கேளுங்கள். விடை கிடைக்கும் வரை கேளுங்கள்!