பீப் சத்தத்துக்கு முன்னால்

வாய்ஸ் மெயில் என்கிற சமாசாரம் ஏனோ நம் ஊரில் வேர் பிடிக்கவில்லை. எதிராளி போனை எடுக்காவிட்டால் விஷயத்தைச் சொல்லிவிட்டு வைக்கிற ரகம் இல்லை நாம்; எடுக்கிற வரைக்கும் அடிக்கிற ரகம். தவிர, 2003 வரைக்கும் செல்போனில் வருகிற காலுக்கும் காசு பிடுங்கிக்கொண்டிருந்தார்களா, மிஸ்டு கால் என்கிற மகத்தான கலையில் அப்போதே தேறிவிட்டோம்.

அமெரிக்காவில் கதை வேறு. வேலைக்கு ஆள் பிடிக்கிற ரெக்ரூட்டர் ஒரு தரம் கூப்பிடுவார். எடுக்கவில்லையா, மெசேஜ் வைப்பார். அதற்கும் மனசு வரவில்லை என்றால் லிஸ்ட்டில் அடுத்த பேர்.

நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிற என் தம்பி பையனுக்கு வேலை போய்விட்டது. (கம்பெனி பேர் வேண்டாம். ஒரு மாடியையே காலி பண்ணினார்கள்.) எச்-1பி விசாக்காரருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். 2017-ல் வந்த விதி. அதற்குள் இன்னொரு கம்பெனி இவனுக்காக மனுப் போட வேண்டும், இல்லாவிட்டால் வேறு விசாவுக்கு மாற வேண்டும், அதுவும் இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டும். மனைவி, இரண்டாம் கிளாஸ் படிக்கிற பெண், கார் லோன் எல்லாம் அந்த 60-க்குள் அடக்கம். அதில் 19 போய்விட்டது.

"ஒரு இன்டர்வியூல இருக்கும்போதுதான் பெரியப்பா இன்னொருத்தர் கூப்பிடறார். வாய்ஸ் மெயிலுக்குப் போகுது. ஒண்ணுமே சொல்லாம வெச்சுடறாங்க."

"நீ எடுக்காதே, நான் அடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போட்டுக் கேட்டேன்.

"ஹாய், திஸ் இஸ் ச்ப்ம்ண்யன், லீவ் எ மெசேஜ்." பின்னணியில் குக்கர் இரண்டு விசில்.

அவன் பேரில் ஒரு முழு சுப்ரமணியன் உண்டு. அதை அப்படியே விழுங்கிவிட்டான். இவன் மட்டும் இல்லை, நாம் எல்லோருமே இருக்கிற வார்த்தைகளிலேயே சொந்தப் பேரைத்தான் படுவேகமாகச் சொல்கிறோம். சொல்லிச் சொல்லி நமக்குச் சலித்த வார்த்தை அது. கேட்கிறவருக்கோ அது ஒன்றுதான் புதுசு. பயோடேட்டாவில் அந்த நீளமான பேரைப் பார்த்து, எப்படிக் கூப்பிட்டுத் தொலைப்பது என்ற கவலையோடுதான் ஒரு வெள்ளைக்கார அம்மாள் நம்பரை ஒத்துகிறாள். கிரீட்டிங்கில் பேர் தெளிவாக விழுந்தால், சரியான ஆள்தான் என்று தெரியும். உச்சரிப்பும் இலவசமாகக் கிடைக்கும்.

"பேசாம சாம்னு சொல்லிடட்டுமா?" என்றான்.

கூடாது. பயோடேட்டாவில் சுப்ரமணியன், போனில் சாம் என்றால் ராங் நம்பர் என்று வைத்துவிடுவாள்.

1983-ல் வாய்ஸ் மெயிலுக்கு அமெரிக்க பேட்டன்ட் வாங்கிய கார்டன் மாத்யூஸ், முதல் கிரீட்டிங்கைத் தன் மனைவியைத்தான் பேச வைத்தாராம். வீட்டில் எந்தக் குரல் எடுபடும் என்று தெரிந்த மனுஷர்!

ஐபோனில் நாலைந்து தட்டலில் காரியம் முடிந்துவிடுகிறது. இடம்தான் முக்கியம். பாத்ரூமில் பாட்டு எடுபடும், பேச்சு எடுபடாது, ஒரே எதிரொலி. துணிகள் தொங்குகிற அலமாரியைத் திறந்து அதைப் பார்த்து நின்றுகொண்டு பேசச் சொன்னேன். துணி எதிரொலியைக் குடித்துவிடும். போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி. உட்கார்ந்து பேசினால் குரலும் உட்கார்ந்துவிடுகிறது, குறிப்பாக வேலை போனவனுக்கு.

வாசகத்தில் வெட்டினதுதான் அதிகம். "என்னால் இப்போது போனை எடுக்க முடியவில்லை" எதற்கு? அது தெரிந்துதானே கேட்டுக்கொண்டிருக்கிறாள். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்பதை பேங்க்காரர்கள் நாறடித்துவிட்டார்கள். மிஞ்சியது: பேர், நிதானமாக, முன்னாலும் பின்னாலும் ஒரு மூச்சு இடைவெளி. உங்கள் பேர், நம்பர், விஷயம் சொல்லுங்கள். நாளை மாலைக்குள் கூப்பிடுகிறேன். 15 விநாடிக்கு மேல் போனால் அது காலட்சேபம்.

"இன்பாக்ஸ் காலியா இருக்கா, பாரு" என்றேன். பார்த்தான். கார் வாரண்டி விற்கிறவர்கள் வைத்த மெசேஜ்களால் கிட்டத்தட்ட ரொம்பியிருந்தது. முழுக்க ரொம்பினால் பீப் சத்தமே வராது. கிரீட்டிங் எத்தனை தேனாக இருந்து என்ன?

14 டேக் எடுத்தானாம். ஒன்பதாவது பிரமாதமாக வந்து, கடைசி வார்த்தையில் பெண் வந்து "அப்பா, ஹோம்வொர்க்" என்றாளாம். பதினாலாவதை ஏற்றினான்.

வியாழக்கிழமை ஒரு மெசேஜ் வந்தது. எனக்கும் அனுப்பிவைத்தான். டெக்ஸாஸிலிருந்து ஒரு பெண்மணி. "ஹாய், சுப்ர... மணியன்" என்று நடுவில் ஒரு படி தாண்டிப் போய்ச் சேர்ந்துவிட்டாள். "கரெக்டாச் சொன்னேனா?" என்று வேறு கேட்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை இன்டர்வியூ. கையில் இன்னும் 33 நாள் இருக்கிறது.