குதிரைவலுக் கணக்கும் கொல்லப்பட்ட காரும்

'ஹொட் ஹட்ச்' என்று ஆங்கிலேயர் செல்லப்பெயர் சூட்டிய கார் வகை செத்துக்கொண்டிருப்பதாகக் கார்ப் பிரியர்கள் ஒப்பாரி வைக்கிறார்கள். ஃபோர்ட் ஃபியஸ்டா எஸ்.ரி. 2023 யூலையோடு போயிற்று. ரெனோ மெகான் ஆர்.எஸ். காரும் அதே ஆண்டிலேயே நின்றது. 2025இல் ஃபோர்ட் ஃபோக்கஸும் போய்ச்சேர்ந்தது. கொன்றது யார் எனக் கேட்டால் அவர்களிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது: பிரசெல்ஸ் அதிகாரிகள், புகைக் கட்டுப்பாடு, மின்சாரக் கார். என்னுடைய குற்றப்பத்திரிகையில் முதலாவது பெயர் வேறு. அது அந்தப் பிரியர்களுடையதுதான்.

இந்தக் கார் எதற்காகப் பிறந்தது என்பதை முதலில் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. பின்பக்கக் கதவு மேல்நோக்கித் திறக்கும் சாதாரணக் குடும்பக் கார் ஒன்றை எடுத்து, அதற்கு வலுவான எஞ்சினும் இறுக்கமான சஸ்பென்ஷனும் பொருத்தி, கூடியவரை குறைந்த விலைக்கு விற்பது: இவ்வளவுதான் சங்கதி. வொக்ஸ்வாகன் கோல்ஃப் ஜீ.ரி.ஐ. 1975இல் பிராங்பேர்ட் கண்காட்சியில் காட்டப்பட்டு 1976இல் விற்பனைக்கு வந்தது. அதுவே முதலாவது என்பார்கள். உண்மையில் இத்தாலியின் ஓட்டோபியாங்கி ஏ112 அபார்த்தும் பிரான்சின் சிம்கா 1100 ரி.ஐ.யும் அதற்கு முந்தியவை. ஆனாலும் உலகை மாற்றியது கோல்ஃப்தான். ஐயாயிரம் கார்கள் விற்றால் போதும் என்று எண்ணித் தொடங்கியவர்கள், முதல் தலைமுறையில் மட்டும் நான்கரை லட்சத்துக்கு மேல் விற்றார்கள். அதன் எஞ்சின் 1.6 லீற்றர், வலு 110 குதிரைவலு, எடை ஏறத்தாழ 810 கிலோ. வாரநாட்களில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லவும் ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் விலையுயர்ந்த கார்களைத் துரத்தவும் ஒரே வாகனம் போதுமானதாயிற்று. அதை வாங்கியவர் கோடீஸ்வரராக இருக்க வேண்டியதில்லை.

2020இல் வந்த எட்டாம் தலைமுறைக் கோல்ஃப் ஜீ.ரி.ஐ.க்கு 245 குதிரைவலு. பட்டியலில் பார்த்தால் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் சாரதி ஏறாத நிலையிலேயே அதன் எடை சுமார் 1,400 கிலோ. தொன்னுக்கு இத்தனை குதிரைவலு என்று கணக்கிட்டால் முதற் காருக்கு 136, இதற்கு 175. ஏறத்தாழ அரை நூற்றாண்டு உழைத்துச் சேர்த்த வலுவில் பெரும்பகுதியைக் காரின் உடம்பே தின்றுவிட்டது. மிஞ்சிய ஆதாயம் முப்பது சதவீதமும் இல்லை. 2019இல் மெர்சிடிஸ் நிறுவனம் ஏ.எம்.ஜி. ஏ 45 எஸ் என்ற பெயரில் 421 குதிரைவலுவுள்ள ஹட்ச்பக் ஒன்றை இறக்கியது. எடை ஒன்றரைத் தொன்னுக்கு மேல், இழுப்பதற்கு நான்கு சில்லுகளும் வேண்டும். இதற்கும் ஹொட் ஹட்ச் என்றே பெயர்.

ஏன் இப்படி ஆயிற்று? ஒப்பீடு என்ற பெயரில் நடக்கும் கேலிக்கூத்தைப் பாருங்கள். இரண்டு கார்களை ஒரு கைவிட்ட விமான ஓடுபாதையில் நிறுத்தி நேர்கோட்டில் ஓடவிடுகிறார்கள். மணிக்கு நூறு கிலோமீற்றரை எட்ட ஒன்றுக்கு 5.9 விநாடி, மற்றதற்கு 5.4 விநாடி. தீர்ப்பு எழுதியாகிவிட்டது! ஸ்ரியரிங்கில் வீதி பேசுகிறதா, பிறேக் மிதி பத்தாவது வளைவிலும் அதே இறுக்கத்துடன் இருக்கிறதா, ரைமிங் பெல்ட் மாற்ற எஞ்சினை எவ்வளவு கழற்ற வேண்டும், நான்கு ரயர்களுக்கு எவ்வளவு செலவாகும் என்ற கேள்விகளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. பட்டியலில் வென்ற காரைத்தான் மக்கள் கேட்கிறார்கள், கேட்பதைத்தான் தொழிற்சாலை செய்கிறது. இதற்குப் பிரசெல்ஸ் என்ன செய்யும்?

பாதுகாப்புச் சாதனங்கள்தாமே எடையைக் கூட்டின என்று ஒருவர் இடைமறிக்கலாம். ஓரளவு நியாயம். எண்பதுகளின் தகர உடம்போடு ஒரு விபத்தைச் சந்திக்க யாரும் விரும்பமாட்டார்கள். ஆயினும் அதே வொக்ஸ்வாகன் 2018இல் விற்ற அப் ஜீ.ரி.ஐ. 115 குதிரைவலுவுடன் ஏறத்தாழ 1,000 கிலோ எடையுடையதாக இருந்தது. சுசுகி 2017இல் ஜப்பானில் இறக்கிய ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 140 குதிரைவலுவுடன் ஆயிரம் கிலோவுக்கும் கீழே நின்றது. காற்றுப்பைகள் இரண்டிலும் இருந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் கரியமில வாயு எல்லையும், மீறும் ஒவ்வொரு கிராமுக்கும் விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ என்ற தண்டமும் மெய்யானவையே. அவை சிறிய காரின் இலாபத்தை நெரித்தன என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் எடையைக் கூட்டு, 421 குதிரைவலு ஏற்று என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லையே!

இந்தக் காருக்கு முதல் அடி விழுந்ததும் புகைச் சட்டத்தால் அன்று. எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் பிரித்தானியாவில் இவற்றைத் திருடி ஓட்டிச் சாகசம் காட்டுவது ஒரு தொற்றுநோயாகப் பரவியது. 1992இல் அதற்கெனத் தனிச்சட்டமே இயற்றப்பட்டது. காப்புறுதிக் கட்டணம் எகிற, உழைத்து வாங்க நினைத்த இளைஞன் ஒதுங்கிக்கொண்டான்.

வேகப் பைத்தியத்தைவிட எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது இன்னொரு கூட்டம்: காரை வாங்கி உறை போட்டு மூடிவைப்பவர்கள். பேஜோ 205 ஜீ.ரி.ஐ. 1984இல் வந்தது. முதலில் 1.6 லீற்றரும் 105 குதிரைவலுவும், பின்னர் 1.9 லீற்றரும் 130 குதிரைவலுவும். எது சிறந்தது என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. நான் 1.6 கட்சி. வளைவின் நடுவே பயந்து அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுத்தால் எடை முன்னால் சாய்ந்து பின்புறம் வெளியே வழுக்கும். பலரை வேலிக்குள் தள்ளிய கார் அது. ஓட்டத் தெரிந்தவனுக்கு அதுவே அதன் அழகு. அந்தக் காரை இன்று முதலீடு என்கிறார்கள். ஓடோமீற்றரில் எண் ஏறினால் விலை இறங்குமாம்!

நிறுத்திவைத்த கார் பாதுகாக்கப்பட்ட கார் அல்ல என்பதை எந்த மெக்கானிக்கும் சொல்வார். 205இன் பின் அச்சில், கைகளைத் தாங்கும் ஊசி பெயாரிங்குகளுக்குள் நீர் புகுந்து கிறீஸ் வற்றினால் குழாயே தேய்ந்து, பின் சில்லுகள் மேற்புறம் உள்ளே சாய்ந்து நிற்கும். பழைய கோல்ஃபின் பெற்றோல் நிரப்பும் குழாய் உள்ளே துருப்பிடிக்கும். அந்தத் துரு பொஷ் கே-ஜெற்றோனிக் இன்ஜெக்ஷனுக்குள் போனால் பணப்பைக்குச் சனி பிடித்தது போலத்தான். பழைய பெற்றோல் பிசுபிசுத்து அதே கருவியை இறுக்கிவிடும். பிறேக் கலிப்பர் இறுகும், ரப்பர் சீல்கள் உலரும். பிறேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கொரு முறை அதை மாற்றத்தான் வேண்டும்.

பராமரிப்பின் பெறுமதியை இலங்கைத் தமிழருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் ஒஸ்ரின் கார்களையும் மொறிஸ் மைனர்களையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்கள் யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள். 2020 மார்ச் முதல் 2025 வரை கார் இறக்குமதி முடங்கிக் கிடந்தபோது, பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் தேடி அலைந்தவர்களுக்கும் அது புரியும். அந்தப் பரம்பரையில் வந்த என் மருமகன் இலண்டனிலிருந்து தொலைபேசியில் கேட்டான்: "மாமா, பழைய ஃபியஸ்டா எஸ்.ரி. ஒன்று பார்த்திருக்கிறேன். ரீமாப் செய்தால் இன்னும் நாற்பது குதிரைவலு வருமாம், செய்யட்டோ?" புதிய சிவிக் ரைப் ஆர் 2023இல் பிரித்தானியாவில் நாற்பத்தேழாயிரம் பவுணுக்கு விற்கப்பட்டது என்பதால், அவன் பழையதைத் தேடியதில் தவறில்லை. ரயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கங்களைப் படிக்கச் சொன்னேன். முதலிரண்டு வாரம், பின்னிரண்டு ஆண்டு. அவன் படித்தது 2314. "அந்த நாற்பது குதிரைவலுக் காசுக்கு முதலில் நாலு ரயர் வாங்கு தம்பி. பிறேக் எண்ணெயை மாற்று, முன் சஸ்பென்ஷன் புஷ்களைப் பார். சேர்விஸ் புத்தகத்தில் எந்த வருடத்துக்கு முத்திரை இல்லையோ அதைப்பற்றி விற்பவரிடம் கேள்" என்றேன். இரண்டு வருடத்துக்கு முத்திரை இல்லையாம். அந்த இரண்டு வருடமும் கார் கராஜில் உறைக்குள் "மிகப் பத்திரமாக" இருந்ததாக விற்பவர் பெருமையோடு சொன்னாராம்.