களஞ்சியம் நிரப்பும் காலம்!

செஞ்சிக் கோட்டைக்குச் சென்றோர் அங்குள்ள நெற்களஞ்சியங்களைக் கண்டிருப்பர். 1690இல் மொகலாயப் படை வந்து சூழ்ந்தது. 1698இல்தான் கோட்டை வீழ்ந்தது. மதில் எவ்வளவு உயரமாக இருந்தென்ன, உள்ளே நெல்லும் நீரும் இல்லையென்றால் எத்தனை நாள் தாங்கும்? களஞ்சியம் நிரப்புவது படை வருமுன் செய்யும் வேலை!

அந்தக் கோட்டைக்கு அருகே, அனந்தபுரத்திலும் சுற்றுச் சிற்றூர்களிலும், மணிலாக் கொல்லையில் குனிந்தும் கல்லுடைத்தும் பிள்ளையைப் படிக்க வைக்கும் பாட்டாளித் தோழர்களை நாம் கேட்கிறோம்: உங்கள் மகன், உங்கள் மகள், எந்தக் கல்லூரிக்குப் போவது என்பது எந்த நாளில் தீர்மானமாகிறது? பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வரும் நாளிலே என்பீர்கள். இல்லை, தோழர்களே! பதினோராம் வகுப்பில் 'குரூப்' எழுதிக் கொடுக்கிறார்களே, அன்றைக்கே பாதி தீர்மானமாகிவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். பொறியியல் கலந்தாய்வில் 200 மதிப்பெண். அதில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. நீட் தேர்வில் 720 மதிப்பெண். அதில் உயிரியல் மட்டும் 360! கணிதத்தை விட்டவனுக்குப் பொறியியல் எட்டாது. உயிரியலை விட்டவளுக்கு மருத்துவம் எட்டாது. கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவோ இரண்டு வாசலையும் திறந்து வைக்கும். சுமை அதிகம், அதையும் எண்ணிப் பார்த்தே எடுக்க வேண்டும். புதுச்சேரியிலும் திருவாரூரிலும் உள்ள மத்தியப் பல்கலைக்கழகங்களில் பட்டப் படிப்புக்குச் சேர 2022 முதல் 'கியூட்' தேர்வு. எந்தப் பாடங்களை எழுதுவது என்று விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டும். மே மாதம் முடிவு வந்தபின் ஓடினால் கதவு சாத்தியிருக்கும். நீட், கியூட் இரண்டையும் தமிழிலேயே எழுதலாம் என்பதையாவது எத்தனை வீட்டில் அறிவர்?

இன்னொன்று. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவத்தில் 7.5 விழுக்காடு இடம் 2020இல் கிடைத்தது. பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலியவற்றுக்கு 2021இல் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. பத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளையை, கடன்பட்டுத் தனியார் பள்ளிக்கு மாற்றுகிறாரே தந்தை, அவர் பணத்தையும் இழக்கிறார், அந்த இடத்துக்கான உரிமையையும் இழக்கிறார்! எடுத்துச் சொல்ல ஆளில்லாததால் வந்த இழப்பு அது.

நுழைவுத் தேர்வே வேண்டாம் என்பது நமது நிலை. 1984இல் வந்த தொழிற்கல்வி நுழைவுத் தேர்வை 2006ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. 2017இல் நீட் வந்தது. விலக்கு கேட்டு 2021இலும் 2022இலும் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. அந்தப் போர் நடக்கட்டும். அது முடியும்வரை பதினாறு வயதுப் பிள்ளை காத்திருக்க முடியுமா? வகுப்பு நிற்குமா? வயது நிற்குமா?

ஆகவே, ஊர்தோறும் உள்ள படிப்பகத் தோழர்களுக்கு ஒரு வேலை. பத்தாம் வகுப்பு முடிவு வரும் வாரத்தில் வீடு வீடாகச் செல்லுங்கள். தலைமையாசிரியரைக் கண்டு, எந்தப் பிரிவு எந்தப் படிப்புக்கு வழி என்று கேட்டெழுதிப் படிப்பகச் சுவரில் ஒட்டுங்கள். விண்ணப்பத்தின் கடைசி நாளைக் கரும்பலகையில் எழுதுங்கள். படித்தவர் வீட்டுப் பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்லச் சித்தப்பா இருக்கிறார். உழைப்பவன் வீட்டுப் பிள்ளைக்கு நாம் இருக்கிறோம் என்று காட்டுங்கள்!