கிளி கத்துதுன்னு கிளியை ஏன் திட்டறீங்க?

போன ஞாயித்துக்கிழமை அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். "சாப்பிட்டியா கண்ணு?"ன்னு கேட்டது காதுல விழுந்துச்சு. அதுக்கப்புறம் விழுந்ததெல்லாம் கிளிச் சத்தம்தான். அம்மா ஏதோ சொல்றாங்க, கிளி கத்துது. நான் சத்தமாக் கேக்கறேன், கிளி அதைவிடச் சத்தமாக் கத்துது. நாலு நிமிசத்துல எங்க ரெண்டு பேருக்கும் தொண்டை போய் ஃபோனை வெச்சுட்டோம். கிளிக்கு மட்டும் தொண்டை நல்லாத்தான் இருந்துச்சு :-)

எங்க ஊர் கொழிஞ்சாம்பாறை பக்கம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. நான் கேரளான்னா கோயமுத்தூர்க்காரன் நம்ப மாட்டான், தமிழன்னா எர்ணாகுளத்துக்காரன் நம்ப மாட்டான். ரேஷன் கார்டு மலையாளத்துல, சண்டை தமிழ்ல, சந்தை பொள்ளாச்சியில. நான் பொழைக்க வந்தது லண்டன். பதினோரு வருசம் ஓடிப்போச்சு. அப்பா போனதுக்கப்புறம் வீட்டுல அம்மா மட்டும். கூட இந்தக் கிளி.

கிளி அம்மா தோளை விட்டு இறங்காது. அடுப்படிக்குப் போனா கூடவே நடந்து வரும். குளிக்கப் போனா கதவுக்கு வெளியே நின்னு ஊரைக் கூட்டும். பெரியம்மா பேத்திக்கு மறையூர்ல கல்யாணம். பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறுன்னு கேரளாவுல இருந்து கேரளாவுக்குத் தமிழ்நாடு வழியாப் போற பயணம். அம்மாவுக்கு அந்த ரோடுன்னா உசுரு. போகலை. "நான் போனா இது கத்தியே செத்துப்போயிரும் கண்ணு"ன்னுட்டாங்க.

உடனே குடும்ப வாட்ஸ்அப் குழுவுல வைத்தியர்கள் கிளம்பிட்டாங்க. எங்க பெரியப்பா மகன், அண்ணன், மூணு வைத்தியம் சொன்னார். ஒண்ணு, "கத்தும்போதெல்லாம் கூண்டு மேல துணியப் போட்டு மூடிரு." ரெண்டு, "ரெக்கைய வெட்டி விடு, அடங்கிரும்." மூணு, "பச்ச மொளகா குடு, கத்தறத விட்டுட்டுப் பேச ஆரம்பிச்சிரும்." பதினாலு பேர் அதுக்குக் கைகூப்பல் படம் போட்டிருந்தாங்க.

அண்ணா, உங்க மேல மரியாதை இருக்கு. ஆனா மூணுமே தப்பு.

மிளகாயில இருந்து ஆரம்பிப்போம். மிளகாயோட காரத்தை உணர்ற நரம்பு அமைப்பு நமக்கு இருக்கு, பறவைக்கு அப்படி இல்லை. அதனாலதான் கிளி மிளகாயை வெள்ளரிக்காய் மாதிரி கடிச்சுத் திங்குது. அதுக்கும் பேச்சுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மிளகாய்ச் செடிக்கும் அது வசதி. காரம் தெரியாத பறவை திங்கும், விதையைத் தூரத்துல கொண்டுபோய்ப் போடும்.

அடுத்தது ரெக்கை. பறக்க முடியாத கிளிக்குப் போக்கிடம் எது? உங்க தோள்தான். ஒட்டிக்கிட்டே இருக்குன்னு புகார் சொல்றவர், அது ஒட்டிக்கிட்டே இருக்கறதுக்கான வேலையை அவரே கத்தரிக்கோல் வெச்சு செய்யறார்.

துணி? ராத்திரி தூங்கறதுக்கு இருட்டு வேணும், பத்துப் பன்னெண்டு மணி நேரம் அமைதி வேணும். அதுக்கு மூடுங்க, நல்லது. பட்டப்பகல்ல, கத்தினதுக்குத் தண்டனையா மூடினா, தனியா இருக்கேன்னு கத்தினதுக்கு இன்னும் தனியாப் போட்டதா ஆகாதா?

சரி, ஏன் கத்துது? இதைத்தான் யாரும் கேக்கறதில்லை. கிளி கூட்டத்துல வாழற ஜீவன். எங்க சித்தூர் பக்கம் சாயங்காலம் பனைமரத்துப் பக்கம் நின்னு பாருங்க. இருபது, முப்பதுன்னு கூட்டமா வரும், வரும்போதே கத்திக்கிட்டு வரும். "நான் இங்க இருக்கேன், நீ எங்க?" அவ்வளவுதான் அந்தச் சத்தம். இலைக்குள்ள உக்காந்தா பச்சைக்குப் பச்சை தெரியாது, அதனால குரல்லதான் ஒண்ணையொண்ணு பிடிச்சு வெச்சுக்கும். வெனிசுவேலாவுல ஒரு சின்னக் கிளி வகையை வெச்சு 2011-ல ஒரு ஆய்வு வந்துச்சு. குஞ்சு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிக் கூப்பிடு குரல் உண்டு, அதை அப்பன் ஆத்தாகிட்ட இருந்துதான் கத்துக்குதுன்னு. கிட்டத்தட்டப் பேர் வெக்கற மாதிரி.

இப்போ அந்தக் கூட்டத்துல இருந்து ஒரே ஒரு குஞ்சை, ரெக்கை முளைக்கறதுக்கு முன்னாடியே எடுத்துட்டு வந்து, ஒரே ஒரு மனுசி கையில குடுத்தா? அதுக்கு அந்த மனுசிதான் கூட்டம். அவங்க குளியலறைக்குப் போனா மொத்தக் கூட்டமும் காணாமப் போச்சு. கத்தாம என்ன செய்யும்? அது கத்தினதும் அம்மா ஓடி வர்றாங்க. கத்தினா வருவாங்கன்னு அது கத்துக்குது. ஆக, கத்தக் கத்துக்குடுத்ததும் நாமதான்.

இதை எல்லாம் நான் புத்தகத்துல படிச்சு மட்டும் சொல்லலைங்க. நான் இருக்கற தென்மேற்கு லண்டன்ல இதே பச்சைக்கிளி, அதே சிவப்பு மூக்கு, கழுத்துல அதே வளையம், காட்டுப் பறவையாத் திரியுது. ரிச்மண்ட் பூங்காவுல ஓக் மரத்துப் பொந்துல குஞ்சு பொரிக்குது. யாரோ ஒரு கிதார்க்காரர் ஜோடியாத் திறந்து விட்டாருன்னு இங்க ஒரு கதை சொல்லுவாங்க. 2019-ல குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வு அந்தக் கதையைத் தள்ளிருச்சு. வீட்டுல வளர்த்தது பல இடத்துல, பல வருசமாத் தப்பியோ திறந்து விடப்பட்டோ பெருகினதுதான் இதெல்லாம். 1855-லயே இங்கிலாந்துல ஒண்ணைப் பார்த்ததாப் பதிவு இருக்கு. குளிர்ல நடுங்கிக்கிட்டே பஸ்ஸுக்கு நிக்கற எனக்கு மேல நம்மூர்க் கிளி கூட்டமாக் கத்திக்கிட்டுப் போகுது. நம்மூர்ல அது கூண்டுல.

இன்னொண்ணு, நம்மூர்ல நிறைய பேருக்குத் தெரியவே தெரியாத விசயம். பச்சைக்கிளி வளர்க்கறது சட்டப்படி குற்றம். "எல்லார் வீட்டுலயும் இருக்குதே"ன்னா, இருக்கு, அத்தனையும் குற்றம்தான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். 1990-91 வாக்குல உள்நாட்டுப் பறவை வியாபாரத்துக்கே தடை வந்துருச்சு. 2022 திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தப்போ பச்சைக்கிளி இரண்டாம் அட்டவணைக்குப் போச்சு. மாட்டினா மூணு வருசம் வரைக்கும் சிறை, ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், இல்லைன்னா ரெண்டும். 2023-ல சென்னையில ஒரு நகைச்சுவை நடிகர் வீட்டுல ரெண்டு கிளி இருந்ததுக்கு வனத்துறை இரண்டரை லட்சம் ரூபாய் வாங்கிச்சு. 2024 தேர்தல் சமயத்துல கடலூர்ல ஒரு வேட்பாளருக்குச் சீட்டு எடுத்துக் குடுத்த கிளி ஜோசியக்காரரைப் பிடிச்சாங்க.

பிடிக்கட்டும். ஆனா ஜோசியக்காரரும் நடிகரும் பனை ஏறலை. தை, மாசியில பட்டுப்போன பனைமரத்துப் பொந்துல மூணு நாலு குஞ்சு இருக்கும்போது கையை விட்டு எடுக்கறவன் ஒருத்தன், சாக்குல போட்டுச் சந்தைக்குக் கொண்டு போறவன் ஒருத்தன், "துணைக்கு ஆச்சு"ன்னு காசு குடுக்கறவன் ஒருத்தன். இந்த மூணாவது ஆள் இல்லைன்னா முதல் ரெண்டு ஆளுக்கும் வேலை இல்லை.

அந்த மூணாவது ஆள் நான்தான்.

ஆமாங்க. அப்பா காரியம் முடிஞ்சு நான் லண்டன் திரும்பற வாரம், "அம்மா தனியா இருக்காங்களே"ன்னு சொந்தக்காரப் பையன் கையில காசு குடுத்து, எல்லை தாண்டி ஒரு சந்தையில இருந்து வாங்கி வரச் சொன்னது நான். அப்போ அது கண்ணு திறந்து கொஞ்ச நாளான குஞ்சு. அம்மா ராகி மாவைக் கரைச்சு ஊட்டினாங்க. எனக்கு மனசு லேசாச்சு. என் இடத்துல ஒண்ணை வெச்சுட்டு நான் விமானம் ஏறிட்டேன். கணக்கு முடிஞ்சுதுன்னு நினைச்சேன். இந்தக் கிளி இருபது, முப்பது வருசம் இருக்கும். அம்மாவுக்கு இப்போ அறுபத்தெட்டு. இந்தக் கணக்கை நான் அன்னிக்குப் போடலை.

இதே மாதிரி வெளிநாட்டுல உக்காந்துக்கிட்டு அம்மாவுக்குக் கிளி, அப்பாவுக்கு நாய்க்குட்டின்னு அனுப்பற மக்களே, உங்ககிட்டதான் பேசறேன். நம்ம குற்ற உணர்ச்சிக்கு ஒரு உசுரைக் கூண்டுல போடாதீங்க. "சரி, சட்டத்துல தடை இல்லாத லவ் பேர்ட்ஸ் வாங்கறேன்"னு சொல்றவங்களும் கேளுங்க. அதுவும் கூட்டத்துப் பறவைதான். ஒத்தையா வெச்சா அதுவும் ஏங்கத்தான் செய்யும்.

ஏற்கனவே வீட்டுல பச்சைக்கிளி இருக்கா? மாடியில நின்னு பறக்க விட்டுப் புண்ணியம் தேடாதீங்க. கையில வளர்ந்ததுக்கு இரை தேடத் தெரியாது, பருந்தைத் தெரியாது. ரெண்டு நாள் தாங்காது. பக்கத்து வனத்துறை அலுவலகத்துல சொல்லி ஒப்படைக்கறதுதான் வழி. அது வரைக்கும் அடிக்காதீங்க, வெட்டாதீங்க. மெதுவாக் கூப்பிடும்போது வேற ரூம்ல இருந்தே ஒரு விசில் அடிச்சுப் பதில் குடுங்க. அலறும்போது ஓடாதீங்க, அடங்கினதும் போங்க. கொறிக்க முருங்கைக் குச்சி, உரிக்கச் சோளக்கதிர்னு அலகுக்கு வேலை குடுங்க. கத்தல் குறையும். நிக்காது. நிக்கவும் கூடாது, அது கிளி.

அடுத்த மாசம் லீவுல ஊருக்குப் போறேன். அம்மாவைக் கூட்டிக்கிட்டுக் கிளியைக் கொண்டுபோய் ஒப்படைக்கணும். அபராதம் போட்டா கட்ட வேண்டியது நான்தான், வாங்கினது நான்தானே. ஃபோன்ல சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. கிளி மட்டும் கத்திக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் சொன்னாங்க, "உன்னையும் அனுப்பிட்டேன். இதையும் அனுப்பச் சொல்றியா கண்ணு?"

வனச்சட்டத்துல எந்தப் பிரிவைக் காட்டி இதுக்குப் பதில் சொல்றது?

ஒரு விசயம் மட்டும் முடிவு பண்ணியிருக்கேன். கிளியை விட்டுட்டு அப்படியே பொள்ளாச்சி, உடுமலை வழியா அம்மாவை மறையூருக்குக் கூட்டிட்டுப் போறேன். சின்னாறு காட்டுல வண்டியை நிறுத்துனா மேல கூட்டமாக் கத்திக்கிட்டுப் போகும், அம்மா பார்க்கட்டும். திரும்பி வந்தா அந்த வீடு அமைதியா இருக்கும். அம்மா கூப்பிட்டா பதில் குடுக்க ஒரு குரல் வேணும். அது என் வேலை. ஞாயித்துக்கிழமை மட்டும் இல்லை, தினமும்.

பி.கு: அண்ணா, குழுவுல இருந்து என்னை நீக்கிட்டீங்கன்னு இப்பத்தான் பார்த்தேன். பரவாயில்லை. அத்தை வீட்டுக் கிளிக்கு மட்டும் ரெக்கையை வெட்டிராதீங்க.