மூங்கில் தரையும் ஒளுவின் ஈரமும்



தியாகராய நகரில் அடுக்கக வீடு வாங்கியிருக்கும் வாசகி ஒருவர், கூடத்திலும் படுக்கையறையிலும் மூங்கில் பலகைத் தரை பதிக்க விரும்புவதாகவும், அது எத்தனை ஆண்டு உழைக்கும் என்றும் கேட்டு எழுதியுள்ளார். தேக்கைக் காட்டிலும் உறுதியானது என்று கடைக்காரர் சொன்னாராம். அவர் சொன்னது பொய்யன்று. ஆயினும், நம் வீடுகளைப் பொறுத்தவரை அது பாதிச் செய்தியே.

மூங்கில் மரமன்று, புல்லினம். தேக்கு முற்றப் பல பத்தாண்டுகள் வேண்டும். மூங்கிலோ மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் முற்றிவிடும். காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை ‘மரம்’ என்னும் சட்ட வரையறையிலிருந்து 2017ஆம் ஆண்டில் மத்திய அரசு நீக்கியது. தோட்டத்து மூங்கிலை வெட்டி விற்பது அதனால் எளிதாயிற்று. வேரை விட்டுக் கழியை மட்டும் வெட்டினால் மீண்டும் தழைக்கும் அப்பயிரை வீட்டுக்குப் பயன்படுத்த நினைப்பதில் தவறேதுமில்லை.

ஆனால் கடையில் ‘மூங்கில் தரை’ என்ற ஒரே பெயரில் விற்கப்படுவன வெவ்வேறு சரக்குகள். மூங்கிலைப் பட்டைகளாக்கிப் பசையிட்டு ஒட்டிய பலகை ஒன்று. நார்களாக நசுக்கிப் பிசினில் தோய்த்துப் பேரழுத்தத்தில் இறுக்கிய பலகை மற்றொன்று. இதனைக் கடைக்காரர்கள் ‘ஸ்ட்ராண்ட் வோவன்’ என்பர். சிறு எஃகுக் குண்டு ஒன்றைப் பலகைக்குள் பாதியளவு அமிழ்த்த எவ்வளவு விசை வேண்டும் என்று பார்க்கும் ஜங்கா சோதனையில் தேக்கை வெகுவாக விஞ்சுவது இந்த இரண்டாம் வகையே. அடர்பழுப்பு நிறம் அழகென்று கேட்டு வாங்குகிறவர்கள் ஒன்றை அறிய வேண்டும். பெரும்பாலும் அந்நிறம் நீராவியில் வேகவைத்துப் பெறப்படுவது. அப்படி வெந்த மூங்கில், இயல்பான வெளிர்நிற மூங்கிலைவிட மென்மையானது. கட்டில் கால் இழுபட்ட தடம் அதில் விரைவில் விழும்.

இனி உளுத்தல். மூங்கிலில் மாவுச்சத்து மிகுதி. வண்டுக்கு அதுவே விருந்து. அதனால்தான் நம் முன்னோர் வெட்டிய மூங்கிலை வாரக்கணக்கில் நீரில் ஊறப்போட்டார்கள். ஆலைகளில் கொதிக்க வைத்தோ, போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தோ பதப்படுத்துகிறார்கள். பதப்படுத்தியதற்கான சான்றைக் கடையில் கேளுங்கள். பசையில் ஃபார்மால்டிஹைடு குறைவாக உள்ளதா என்பதையும் கேளுங்கள். குழந்தை படுத்து உறங்கும் அறையல்லவா?

எனினும் இத்தரையின் ஆயுளை முடிவு செய்வது வண்டுமன்று, குண்டுமன்று, தண்ணீர்தான்.

நம் வீட்டை எண்ணிப் பாருங்கள். ஐவேளையும் ஒளுச் செய்துவிட்டு ஈரக் காலோடு முஸல்லாவை நோக்கி நடக்கிறோம். வீட்டில் ஆறு பேர் இருந்தால், குளியலறை வாயிலில் நாளொன்றுக்கு முப்பது முறை ஈரம் படுகிறது. போதாதற்கு வெள்ளிக்கிழமை காலையில் வாளி வாளியாய் ஊற்றி வீட்டை அலம்பி விடும் பழக்கம் வேறு. பலகையின் மேற்பூச்சு சில துளிகளைத் தாங்கும். உடனே துடைத்தால் ஒன்றும் ஆகாது. ஆனால் இரு பலகைகள் சேரும் இடுக்கில் நீர் இறங்கினால் ஓரங்கள் உப்பி எழும். அடியில் பூசணம் பூக்கும். உப்பிய ஓரம் காய்ந்த பின்னும் முழுதாகப் படிவதில்லை.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் வேறொரு சிக்கலும் உண்டு. பள்ளிவாசலில் கிராமவாசி ஒருவர் சிறுநீர் கழித்துவிட்டபோது, அவரைக் கடிந்து விரட்டாமல், அவ்விடத்தில் ஒரு வாளி நீரை ஊற்றுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்த செய்தியை நாம் அறிவோம். அது மண் தரை, நீரை உறிஞ்சிக்கொண்டது. ஷாஃபிஈ மத்ஹபில் அசுத்தம் பட்ட இடத்தின்மேல் நீர் ஓடவேண்டும். எனவே பலகைத் தரையில் முதலில் அசுத்தத்தைத் துணியால் முற்றும் ஒற்றியெடுத்துவிட்டு, அவ்விடத்தை மூடும் அளவு நீரை ஊற்றி, இடுக்கில் இறங்குமுன் காய்ந்த துணியால் ஒற்றிவிடுங்கள். ஹனஃபி மத்ஹபில் தரை காய்ந்து அசுத்தத்தின் அடையாளம் மறைந்தால் தூய்மையாகும் என்னும் சலுகை உண்டு. பதித்த பலகைக்கு அது பொருந்துமா என்பதை உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பணம் கொடுக்குமுன் கேட்பது நன்று!

சென்னையின் காற்றையும் சொல்ல வேண்டும். கடலோர ஈரக்காற்றில் பலகை விரியும். குளிர்சாதனம் ஓடினால் சுருங்கும். ஆதலால் பலகைக் கட்டுகளைப் பிரித்து, பதிக்கவிருக்கும் அறையிலேயே குறைந்தது மூன்று நாள் வைத்திருக்க வேண்டும். சுவரோரம் சுமார் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். அவசரக் கொத்தனார் சுவரோடு ஒட்டிப் பதித்துவிட்டால், மழைக்காலத்தில் கூடத்தின் நடுவே தரை கூடாரம்போல் எழும்பும்.

தரைத்தளத்தில் குடியிருப்போர் இந்த ஆசையை விட்டுவிடுவதே மேல் என்பது என் கருத்து. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரம் வீடுகளுக்குள் புகுந்ததையும், 2021 நவம்பரில் தியாகராய நகர்த் தெருக்களில் நீர் தேங்கி நின்றதையும் அதற்குள் மறந்துவிட முடியுமா? டைல்ஸ் தரையென்றால் சேற்றை வழித்துக் கழுவிக் குடியேறலாம். நாளெல்லாம் நீரில் கிடந்த பலகையைப் பெயர்த்து எறியத்தான் வேண்டும். மயிலாப்பூரின் பழைய வீடுகளில் தேங்காயெண்ணெய் தேய்த்து மெருகேற்றிய சிவப்புக் காவித் தரைகள் தலைமுறை கடந்தும் மின்னுவதைப் பார்க்கிறோம். அவை நீருக்கு அஞ்சாதவை. நம் பாட்டிமார் அவற்றின்மேல் கோரைப்பாயை விரித்துத் தொழுதார்கள். கால் குளிர்கிறது என்று ஒருவரும் குறைப்பட்டதில்லை.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: உங்கள் வீடு மூன்றாம் மாடி என்று எழுதியிருக்கிறீர்கள். குளியலறை ஒட்டாத படுக்கையறைக்கு மட்டும் நார் அழுத்திய வகையைப் பதியுங்கள். கூடமும் ஒளுச் செய்யும் இடமும் டைல்ஸாகவே இருக்கட்டும். கடன் வாங்கித்தான் செய்ய வேண்டுமென்றால், அந்த அறையையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

விலை பேசுமுன் கடையில் ஒரு மாதிரித் துண்டு கேட்டு வாங்குங்கள். ஓரத்தின் கனத்தை அளவுகோலால் குறித்துக்கொண்டு, ஓரிரவு முழுவதும் தண்ணீரில் போட்டு வையுங்கள். மறுநாள் எடுத்து நிழலில் உலர்த்தி, மீண்டும் அளந்து பாருங்கள். அளவு எவ்வளவு கூடியது என்று எனக்கும் எழுதுங்கள்.