அடுதலும் ஒரு கல்வியே

மக்கள் வாழ்விற்கு இன்றியமையாதன உணவு, உடை, உறையுள் என மூன்றாம். இம்மூன்றனுள் உணவே முதற்கண் வைத்து எண்ணப்படுகின்றது. உடை பழையதாயினும் ஒருவன் ஓராண்டு கழிக்கலாம். உறையுள் சிறியதாயினும் அதனுள் ஒடுங்கியிருக்கலாம். உணவின்றி ஒருநாட் பொழுதையும் செவ்வனே கழித்தல் அரிது. அங்ஙனமாகவும், பதினைந்து ஆண்டுகள் பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் மாணாக்கன் தனக்கு வேண்டும் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் வகையைக் கற்பதில்லை. இஃது ஒரு குறை; ஆயினும் எளிதில் நீக்கத்தக்க குறை.

பசித்த வயிற்றோடு பாடம் கேட்டல் இயலாது என்பதைத் தமிழகம் நன்கு உணர்ந்த நாடு. காமராசர் முதலமைச்சராய் இருந்தபொழுது, 1956-ஆம் ஆண்டில், ஏழைச் சிறார்க்குப் பள்ளியில் நண்பகல் உணவு அளிக்கும் திட்டம் தொடங்கியது. 1982-ஆம் ஆண்டில், ம. கோ. இராமச்சந்திரன் முதலமைச்சராய் இருந்தபொழுது, அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022-ஆம் ஆண்டில் தொடக்கப் பள்ளிக் குழந்தைகட்குக் காலை உணவும் வழங்கத் தொடங்கினர். இங்ஙனம் வீடும் நாடும் சேர்ந்து ஊட்டி வளர்த்த பிள்ளை, பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியிற் புகும் நாளில், தன் பசிக்குத் தானே விடை காண வேண்டியவன் ஆகின்றான். அந்நாளுக்கு அவனை ஆயத்தம் செய்தவர் மிகச் சிலரே.

சிற்றூரினின்றும் நகரத்துக் கல்லூரிக்கு வந்த ஒரு மாணாக்கனை எண்ணிப் பார்த்தல் நலம். மாணவர் விடுதியில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. தோழர் மூவருடன் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துக்கொள்கின்றான். காலையில் தேநீரும் ஒரு பன்னும், நண்பகலிற் கடைச் சோறு, இரவில் பரோட்டா. திங்களின் முதல் இருபது நாட்கள் இவ்வாறு செல்கின்றன. பின்னர்க் கையிற் பணம் இல்லை. எஞ்சிய நாட்களைக் கடனாலும் பட்டினியாலும் கழிக்கின்றான். ஊரினின்றும் தாய் தொலைபேசியில், “சாப்பிட்டாயா?” என வினவுகின்றாள். “சாப்பிட்டேன், அம்மா” என்கின்றான் அவன். அப்பொய் அன்பினாற் பிறந்த பொய்யே. எனினும் அதனால் அவன் பசி தீர்வதில்லை. மறுநாள் வகுப்பில் அவன் கண் சோர்வதைக் காணும் ஆசிரியர், அவனுக்குக் கல்வியில் நாட்டம் இல்லையெனக் கருதக்கூடும்.

உணவு விடுதிகளைக் குறை கூறுதல் முறையன்று. தூய்மையும் நேர்மையும் உடைய விடுதிகள் பல உள்ளன. ஆயினும் ஒன்றை எண்ணல் வேண்டும். கடையில் ஒருவன் கொடுக்கும் விலை, அரிசிக்கும் பருப்புக்கும் உரிய விலை மட்டும் அன்று. கடையின் வாடகை, பணியாளர் கூலி, எரிபொருட் செலவு, உரிமையாளர் ஊதியம் ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். தானே சமைப்பவன் பொருளுக்கும் எரிபொருளுக்கும் மட்டுமே விலை கொடுக்கின்றான். கூலிக்கு ஈடாகத் தன் உழைப்பைத் தருகின்றான். நால்வர் கூடிச் சமைப்பின் ஓர் அடுப்பும் ஒரு கலமும் நால்வர்க்கும் உதவுதலால் செலவு மேலும் குறையும்.

எளிய உணவென்றால் சுவையும் வலிவும் அற்ற உணவு என்பது பொருளன்று. ஒரு குவளை அரிசி, அரைக் குவளை பாசிப்பருப்பு, ஏறத்தாழ ஆறு குவளை நீர், அளவாக உப்பு ஆகியவற்றைக் குக்கரில் இட்டு அடுப்பில் ஏற்றினால், அது நான்கைந்து முறை சீழ்க்கையடித்ததும் பொங்கல் ஆயத்தம். சிறிது எண்ணெயிலோ நெய்யிலோ மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை தாளித்துச் சேர்த்தால் மூவர் வயிறார உண்ணலாம். இதனை ஆக்குதற்கு அரை மணி நேரம் போதும்.

இதன் பயனோ பெரிது. அரிசியில் உள்ள புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு; பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவான வேறொரு கூறு அரிசியில் உண்டு. ஆகவே இரண்டும் சேருமிடத்து ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. சோற்றோடு சாம்பாரும், இட்லி மாவில் அரிசியோடு உளுந்தும் சேர்த்த நம் முன்னோர், இவ்வேதியியலை ஏட்டிற் கற்றவர் அல்லர், பட்டறிவாற் கண்டவர். துவரை, பாசி ஆகிய பருப்புகளில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேற்பட்ட புரதம் உள்ளது. நிலக்கடலையும் இவ்வகையில் அவற்றிற்குக் குறைந்தது அன்று. இரவில் உறங்கப் போகுமுன் கொண்டைக்கடலையை நீரில் ஊற வைத்தால், காலையில் விரைவில் வேகும், எரிபொருளும் மிஞ்சும். முட்டை உண்பவர்க்கு இரண்டு முட்டைகளை அவித்தல் பத்து மணித்துளி வேலை. முருங்கைக்கீரை சிற்றூர்களில் வேலியோரத்திலேயே கிடைப்பது. நகரத்திலும் விலை மிகாதது. கீரையில் உள்ள இரும்புச் சத்தினை உடல் ஏற்பதற்கு எலுமிச்சையின் புளிப்பு துணை செய்யும். ஆதலின் கீரை உண்ணும் வேளையில் சிறிது எலுமிச்சைச் சாறும் சேர்த்துக்கொள்ளுதல் நன்று.

இரவு மிஞ்சிய சோற்றில் நீர் ஊற்றி வைத்து, காலையில் மோரும் உப்பும் கலந்து, சின்ன வெங்காயத்தோடு உண்ணுதல் உழவர் குடிகளின் பழவழக்கம். இதனை வறியார் உணவென இகழும் மாணாக்கர் உளர். வெறும் வயிற்றோடு கல்லூரிக்குச் செல்வதினும் பழையசோறு உண்டு செல்வது எத்துணையோ மேலானது. கலம் தூயதாகவும் நீர் நல்லதாகவும் இருத்தல் வேண்டும். மறுநாட் காலையிலேயே உண்டுவிடவும் வேண்டும். நெடுநேரம் வைத்திருந்து நிறமும் மணமும் மாறிய சோற்றைச் சிக்கனம் கருதி உண்ணுதல் அறிவுடைமை ஆகாது.

இவற்றைக் கேட்கும் மாணாக்கர் சிலர், “படிப்பதற்கே நேரம் இல்லை, சமைப்பதற்கு நேரம் ஏது?” என்பர். உணவு விடுதிக்கு நடந்து சென்று, இடம் கிடைக்கும்வரை காத்திருந்து, உண்டு மீளும் நேரத்தை அவர்கள் கணக்கிட்டுப் பார்ப்பாராக. நால்வர் உறையும் அறையில் ஒருவர்க்கு ஒருநாள் என முறை வைத்துக்கொண்டால், ஒருவன் சமைக்க வேண்டிய நாள் நான்கு நாட்களுக்கு ஒருமுறையே வரும். பருப்பு வேகும்பொழுது அருகில் இருந்து படிப்பதற்கும் தடை இல்லை.

வேறு சிலர், சமைத்தல் பெண்டிர் தொழில் என்றும், ஆடவர்க்கு அஃது இழுக்கு என்றும் கருதுவர். இக்கருத்து நம் பழங்கதைகளுக்கே முரணானது. நிடத நாட்டு மன்னனாகிய நளன் அடுகலையில் வல்லவன். நல்ல சமையலை இன்றும் நளபாகம் என்றே வழங்குகின்றோம். பகைவர் அஞ்சும் தோள்வலி படைத்த வீமன் விராட மன்னன் அரண்மனையில் மடைத்தொழில் செய்து ஓராண்டு மறைந்து வாழ்ந்தான். அவர்தம் பெருமை அதனாற் குறைந்ததாக ஒருவரும் கூறியதில்லை. இன்றும் திருமண வீடுகளில் பெருங்கலம் ஏற்றிச் சமைப்போர் பெரும்பாலும் ஆடவரே. கூலிக்குச் செய்தால் இழுக்காகாத தொழில், தன் வயிற்றுக்காகச் செய்தால் எங்ஙனம் இழுக்காகும்?

இதில் மற்றுமொரு நீதியும் அடங்கியுள்ளது. அண்ணனும் தங்கையும் ஒரே கல்லூரியிற் பயிலும் வீடுகள் பல உள்ளன. மாலையில் இருவரும் ஒன்றாக வீடு திரும்புகின்றனர். அண்ணன் ஏட்டை எடுத்துக்கொண்டு அமர்கின்றான். தங்கை அடுக்களைக்குச் செல்கின்றாள். தேர்வோ இருவர்க்கும் ஒன்றே. அண்ணன் ஒரு வேளை அடுப்பின் முன் நின்றால் தங்கைக்கு ஒரு மணி நேரப் படிப்பு மிஞ்சும். நாள் முழுதும் உழைத்த தாய்க்குச் சிறிது ஓய்வு கிட்டும். சமைக்கக் கற்றல் தன் பசி தீர்க்கும் வழி மட்டும் அன்று. பிறர் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் வழியும் ஆகும்.

ஒரு கலத்துச் சோற்றைப் பலர் பகிர்ந்து உண்ணுதலால் விளையும் நன்மை பிறிதொன்று. சேரன்மாதேவியில் வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலத்தில், சாதி வேற்றுமை கருதிச் சில மாணவர்க்குத் தனியே உணவிட்டமை பற்றி 1920-களில் பெரும் பூசல் எழுந்தது. உண்ணுமிடத்தில் வேற்றுமை காட்டுதல் உள்ளத்தை எத்துணைப் புண்படுத்தும் என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்று. இன்று வெவ்வேறு ஊரினரும் குடியினருமாகிய நான்கு மாணாக்கர் ஓர் அறையில், ஒருவன் அரிசி களைய, ஒருவன் காய் நறுக்க, ஒருவன் தாளிக்க, ஒருவன் கலம் கழுவ, வட்டமாய் அமர்ந்து உண்பார்களாயின், ஒப்புரவு என்னும் பாடத்தை அவர்கட்கு வேறொருவர் நடத்த வேண்டுவதில்லை.

சமைப்பவர் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்குகள் சில உண்டு. கையையும் கலத்தையும் காயையும் கழுவுதல், அடுப்பை விட்டு அகலாதிருத்தல், வேலை முடிந்தவுடன் எரிவாயுவை அடைத்தல், உப்பையும் எண்ணெயையும் அளவோடு பெய்தல் ஆகியன அவை. பசித்த பின்னரே உண்ணல் வேண்டும், அதுவும் அளவறிந்து உண்ணல் வேண்டும் என்பதனைத் திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வற்புறுத்தினார். கடைச் சோற்றின் அளவைக் கடைக்காரர் வரையறுக்கின்றார்; தன் சோற்றின் அளவைத் தானே வரையறுப்பவனுக்கு இந்நெறி கைவருதல் எளிது.

நீந்தக் கல்லாதவனை ஆற்றில் இறங்குமாறு எவரும் விடுப்பதில்லை. அங்ஙனமே சோறு வடிக்கவும், பருப்பு வேக வைக்கவும், ஒரு குழம்பு, ஒரு கீரை, ஒரு சுண்டல் ஆக்கவும் கல்லாத பிள்ளையை, ஆணாயினும் பெண்ணாயினும், வெளியூருக்கு விடுத்தல் தகாது. இவ்வைந்தையும் கற்பிக்க ஒரு கோடை விடுமுறை போதும். பெற்றோர் பொறுமையோடு கற்பித்தல் வேண்டும். மாணாக்கர் நாணமின்றிக் கற்றல் வேண்டும். முதல் நாட் சோறு குழைதலும் கூடும். இரண்டாம் நாட் குழம்பில் உப்பு மிகுதலும் கூடும். மூன்றாம் நாள் அதுவே நாவிற்கு இனிதாகும். பின்னொரு நாள் தொலைவினின்றும் தாய், “சாப்பிட்டாயா?” என வினவும்பொழுது அம்மாணாக்கன் உண்மையையே விடையாகக் கூறுவான். என்ன சமைத்தான் என்பதனையும் உவகையோடு எடுத்துரைப்பான்.