ஆர்ர மகள்?

எங்கள் வீட்டுத் திண்ணைக் கட்டின் முகப்பில், விறாந்தைத் தரைக்கு இரண்டு விரல் கீழே, மண்நிறத்தில் ஒரு கோடு ஓடுகிறது. 2011 ஜனவரி வெள்ளம் போட்டுவிட்டுப் போன கோடு. வெள்ளையடிக்க வந்த தம்பி அதில் தூரிகையை வைக்கப் போனபோது ஓடிப்போய்த் தடுத்தேன். அந்த ஓரடி மட்டும் இன்னும் பூசாமல் இருக்கிறது.

எங்கள் ஊரான சித்தாண்டியில் மாரி பிறந்து முந்தனை ஆறு பெருகினால் வயல் எது வாவி எது என்று தெரியாது. பெருமாவெளிப் பக்கம் போக வள்ளந்தான் வேண்டும். 1957 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ணால் கண்டவர் அம்மப்பா. அதன் பிறகு அம்மாவுக்கென்று கட்டிய வீடு என்பதால் அத்திவாரத்தை இரண்டரை அடி உயர்த்தினார். ஊரார் வீண் செலவு என்றார்களாம். அந்த இரண்டு விரல் இடைவெளி அவர் கணக்குப் பார்த்து வைத்துப் போனது.

கனடாவில் இருக்கும் அண்ணன், "இடிச்சுப்போட்டு மாடி கட்டு, காசு நான் தாறன்" என்றார். அன்போடுதான் சொன்னார். ஆனால் இடிக்க மனம் வரவில்லை. வீடு என்னுடையதாக இருப்பதே அம்மா வழியில்தான். மட்டக்களப்பில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளைதான் வந்து சேருவார். இந்தத் தாய்வழி முறையைக் கொண்ட முக்குவர் சட்டம் 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தோடு வழக்கொழிந்தது. வழக்கம் ஒழியவில்லை.

மேசன் அண்ணன் முதல் நாளே சுவரைச் சுரண்டிப் பார்த்தார். இடையில் யாரோ பூசிய சீமெந்து பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. உள்ளே கல் ஈரமாக இருந்தது. "சீமெந்து பூசினா தண்ணி உள்ள நிண்டுரும் தங்கச்சி, ரெண்டு மாரியில தோலுரியும்" என்றார். செங்கல் நிலத்தடி ஈரத்தை உறிஞ்சி மேலே ஏற்றும். சுண்ணாம்புப் பூச்சென்றால் அந்த ஈரம் வெளியே ஆறிவிடும், சீமெந்து அடைத்துக்கொள்ளும். முன்பு கடற்கரைச் சூளைகளில் பவளக்கல்லைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். இன்று பவளம் வெட்டுவது சட்டவிரோதம், அது நல்லதே. பையில் வரும் சுண்ணாம்பை ஊறவைத்து, மணலோடு குழைத்துப் பூசினோம். காய நாள் எடுத்தது. அவசரப்படுகிறவர்களுக்கு இந்த வேலை சரிவராது.

கூரைதான் அதிகம் அலைக்கழித்தது. 1978 நவம்பர் சூறாவளி பின்பக்க ஓட்டை அள்ளிக்கொண்டு போக, அப்போது அடித்த தகரம் இந்த வருடந்தான் இறங்கியது. இடிக்கிற வீடுகளைத் தேடிச் செங்கலடியிலும் ஏறாவூரிலும் பழைய ஓடு வாங்கினேன். ஒவ்வொன்றையும் தூக்கி விரல் முட்டியால் தட்ட வேண்டும். மணிபோல ஒலித்தால் எடுக்கலாம், 'டொக்' என்றால் உள்ளே வெடிப்பு. இரண்டு நாளில் காது பழகிவிட்டது. முன்பக்கத்து ஓடுகள் சிலவற்றில் ஷெல் துண்டு துளைத்த ஓட்டைகள். அவற்றைக் கழற்றும்போது யாரும் பேசவில்லை.

நான் வந்த மூன்றாம் நாள் பக்கத்து வளவு அம்மம்மா வேலியோரம் வந்து நின்றார். என்ன வேலை, எத்தனை நாள் நிற்பாய் என்றெல்லாம் கேட்கவில்லை. "நீ ஆர்ர மகள் புள்ள?" அம்மாவின் பெயரைச் சொன்னேன். "அப்ப இன்ன குடி" என்று அவரே சொல்லி முடித்தார். குடி தாய்வழியாக வருவது. மட்டக்களப்புக் கோயில்கள் பலவற்றில் திருவிழா உரிமைகூட அந்த வழியிலேயே பங்கிடப்படுகிறது. முப்பது வருடம் கொழும்பில் இருந்தவளை அந்த ஒரு பெயர் ஊருக்குள் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. மறுநாளே எருமைத் தயிர் வந்தது. ஆவணியில் சித்திரவேலாயுதர் கோயில் திருவிழாவுக்கு என்னைக் கேட்காமலே என் பேரையும் சேர்த்துக் காசு எழுதியிருந்தார்கள்.

பால் காய்ச்சிய அன்று அம்மம்மா எல்லா அறையையும் சுற்றிப் பார்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்.

"உனக்குப் பொம்புளப் புள்ள இரிக்கா?"

"ஒண்டு இரிக்கு அம்மம்மா."

"சரி" என்று வெற்றிலையை மடித்தார்.

ஓடு அறுபது மிஞ்சியது. விற்கலாம் என்று நினைத்திருந்தேன். மேசன் அண்ணன் அவற்றைப் பின்வளவில் பலகை போட்டு, கறையான் ஏறாமல் சாம்பல் தூவி, நிறுத்தி அடுக்கிக்கொண்டிருந்தார். எதற்கென்று கேட்டேன்.

"உங்கட மகள் திருத்தக்குள்ள இந்த ஓடு கிடைக்காது" என்றார்.